பிடித்தவளும் பிரபலமானவளும்

ஒரு வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த பெண்ணும், அதே வகுப்பில் 'பாப்புலர்' என்று எல்லோரும் சுட்டிக்காட்டும் பெண்ணும் ஒருத்தியாகவே இருப்பாள் என்றுதான் பெற்றோரும் ஆசிரியரும் பொதுவாக நினைக்கின்றனர். தொடக்கப் பள்ளி வயதில் அந்த நினைப்பில் பெரிய பிழை இல்லை. ஆனால் 11 முதல் 14 வயது வரையிலான பருவத்தில், அதிலும் பெண் பிள்ளைகளிடையே, பிடித்தவள் ஒருத்தியாகவும் பிரபலமானவள் வேறொருத்தியாகவும் பிரிந்துபோவதை, அமெரிக்காவின் மிடில் ஸ்கூல்களில் சமூகவியலாளரும் உளவியலாளரும் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. நட்பும் செல்வாக்கும் ஒன்றையொன்று வளர்க்க வேண்டியவை. அவை அந்த மூன்றாண்டுகளில் ஒன்றையொன்று அரிக்கத் தொடங்குகின்றன. "பொம்பளைப் பிள்ளைகள் என்றாலே இப்படித்தான்" என்று பெரியவர்கள் அலுத்துக்கொண்டு ஒதுக்கிவிடும் பூசல்களில், அந்தப் பிள்ளைகளின் குணத்துக்கு இருக்கும் பங்கைவிட, அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் இடத்துக்கு இருக்கும் பங்கு பெரிது என்பதே இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படிப்பவருக்குத் தெளிவாகும் செய்தி.

அந்த இடத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் நடுநிலைப் பள்ளி என்றால் 1ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை ஒரே வளாகத்தில் நடப்பது. அகரம் எழுதிய பிள்ளை அதே மரத்தடியில், பெரும்பாலும் அதே தோழிகளோடு, பதின்மூன்று வயதுவரை வளர்கிறாள். அமெரிக்க மிடில் ஸ்கூல் அப்படிப்பட்டதன்று. அது பெரும்பாலும் 6, 7, 8 ஆகிய மூன்று வகுப்புகளுக்கென்றே தனிக் கட்டடத்தில் இயங்குவது. அங்கும் நெடுங்காலம் எட்டாம் வகுப்புவரை ஒரே பள்ளியில் படிக்கும் முறைதான் இருந்தது. 1909இல் ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் தொடங்கப்பட்ட இண்டியனோலா ஜூனியர் ஹைஸ்கூலைப் போன்ற முன்னோடிப் பள்ளிகள் வளரிளம் பருவத்தினரைத் தனியே பிரித்துவைக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தன. 1960களுக்குப் பிறகு அது இன்றைய மிடில் ஸ்கூல் வடிவத்தை எடுத்தது. நான்கைந்து தொடக்கப் பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகள் ஒரே நாளில் ஒரே கட்டடத்தில் கலக்கின்றனர். ஆண்டு முழுதும் ஒரே ஆசிரியை, ஒரே வகுப்பறை, ஒரே இருக்கை என்பது முடிந்து, மணி அடிக்கும்போதெல்லாம் அறை மாறுகிறது, ஆசிரியர் மாறுகிறார், பக்கத்தில் உட்காருபவரும் மாறுகிறார். நூற்றுக்கணக்கான புதிய முகங்களுக்கு நடுவே ஒவ்வொருவரையும் பழகி அறிய நேரம் கிடையாது என்பதால், பார்த்த மாத்திரத்தில் யார் எந்த இடத்தவர் என்று தரம் பிரிக்கும் சுருக்குவழியைப் பிள்ளைகள் தாங்களே உண்டாக்கிக்கொள்கின்றனர்.

இந்த இடமாற்றம் பெண் பிள்ளைகளை எவ்வளவு பாதிக்கிறது என்பதை விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் 1970களில் நடந்த ஓர் ஆய்வு நேரடியாக ஒப்பிட்டுக் காட்டியது. அந்நகரில் எட்டாம் வகுப்புவரை நடக்கும் பழைய வகைப் பள்ளிகளும், ஏழாம் வகுப்பில் ஜூனியர் ஹைஸ்கூலுக்கு மாறவேண்டிய புதிய வகைப் பள்ளிகளும் அக்காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ராபர்ட்டா சிம்மன்ஸும் டேல் பிளைத்தும் இருவகைப் பிள்ளைகளையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, 1987இல் நூலாக வெளியிட்ட முடிவின்படி, ஏழாம் வகுப்பில் பள்ளி மாறிய பெண்களின் தன்மதிப்பு, அதாவது தம்மைப் பற்றி அவர்களுக்கே இருந்த நல்லெண்ணம், சரிந்தது. பழைய பள்ளியிலேயே இருந்த அதே வயதுப் பெண்களிடம் அந்தச் சரிவு காணப்படவில்லை. உடல் பூப்படைவது, ஆண்–பெண் பழக்கம் தொடங்குவது, பள்ளி மாறுவது எல்லாம் ஒரே ஆண்டில் வந்து விழுந்த பெண்கள்தாம் மிக அதிகமாகத் தளர்ந்தனர். வயதுக் கோளாறு என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி கட்டட ஏற்பாட்டின் கோளாறு என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது. தமிழ்நாட்டு நடுநிலைப் பள்ளியின் 'எட்டு வரை ஒரே பள்ளி' என்ற ஏற்பாட்டைப் பழமை என்று எளிதாகத் தள்ளிவிட வேண்டியதில்லை என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

பிள்ளைகளிடையே யாருக்கு என்ன இடம் என்பதை அளக்கும் முறை முதன்முதலில் பெரிய அளவில் பயன்பட்டதே பெண் பிள்ளைகளிடையேதான். நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் சிறுமியருக்கான சீர்திருத்தப் பள்ளி ஒன்று இருந்தது. 1932 இலையுதிர் காலத்தில், இரண்டே வாரங்களில் அங்கிருந்து 14 சிறுமியர் ஓடிப்போயினர். இது வழக்கத்தைப் போல 30 மடங்கு. ஜேக்கப் மொரேனோ என்ற மனநல மருத்துவர், ஓடிப்போனவர்களின் குணத்தை ஆராய்வதை விட்டுவிட்டு, அங்கிருந்த பெண்கள் ஒவ்வொருவரும் யாரோடு சேர்ந்திருக்க விரும்புகிறார்கள் என்பதைக் கேட்டு, விருப்பங்களைக் கோடுகளாக வரைந்து பார்த்தார். உறவு வரைபடம் என்று சொல்லத்தக்க அந்தப் படத்தில், பலரும் நாடும் 'நட்சத்திரங்களும்' ஒருவரும் நாடாத 'தனியர்களும்' வெளிப்பட்டதோடு, ஓட்டம் ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குத் தாவிய பாதையை அந்தக் கோடுகளைக் கொண்டே விளக்க முடியும் என்று அவர் வாதிட்டார். 1934இல் வெளிவந்த அவருடைய நூலிலிருந்துதான் 'சோஷியோமெட்ரி' என்னும் உறவு அளவை முறை பரவியது.

பின்னாளில் இம்முறை எளிமையாக்கப்பட்டது. "உனக்கு மிகவும் பிடித்த மூவர் யார்? பிடிக்காத மூவர் யார்?" என்ற இரண்டு கேள்விகளை வகுப்பு முழுவதிலும் கேட்டு, ஜான் கோய், கென்னத் டாட்ஜ், ஹைடி கொப்பொட்டெல்லி ஆகிய மூவரும் 1982இல் பிள்ளைகளை ஐந்து வகையாகப் பிரித்தனர்: பலருக்கும் பிடித்தவர், பலராலும் வெறுக்கப்படுபவர், எவர் நினைவிலும் வராதவர், பலருக்குப் பிடித்தும் பலருக்குப் பிடிக்காமலும் இருப்பவர், இவை எதிலும் சேராத நடுத்தரத்தவர். இந்த வரிசையில் முதல் வகையினரையே ஆய்வாளர்கள் 'பாப்புலர்' என்று குறித்துவந்தனர். பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் பொருள் வேறு என்பது கொஞ்சம் தாமதமாகவே உறைத்தது. ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஜெனிஃபர் பார்க்கர்ஸ்ட்டும் ஆண்ட்ரியா ஹாப்மையரும் "உனக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டதோடு நில்லாமல், "இங்கே யார் பாப்புலர்?" என்றும் தனியாகக் கேட்டனர். 1998இல் வெளியான அந்த ஆய்வில் இரண்டு பட்டியல்களும் ஒத்துப்போகவில்லை. பாப்புலர் என்று பெயர் சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் 'பிடித்தவர்' பட்டியலில் இல்லை. பிடித்தவர்களைப் பற்றி, அன்பானவர், நம்பத்தக்கவர் என்று பிள்ளைகள் கூறினர். பாப்புலரானவர்களைப் பற்றிக் கூறும்போதோ, பிறரை அடக்கி நடத்துபவர், தலைக்கனம் பிடித்தவர் என்ற சொற்கள் கூடவே வந்தன. ஆக, பாப்புலர் என்பது அன்பின் அளவு அன்று. எல்லோர் கண்ணிலும் படுவதின் அளவு.

கண்ணில் படுதல் எப்படி நட்பைக் கெடுக்கிறது என்பதை மிக நுட்பமாகக் கண்டறிந்தவர் இண்டியானா பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டோனா ஈடர். 1980களின் தொடக்கத்தில், அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியின் நடுத்தர நகரம் ஒன்றில் உள்ள மிடில் ஸ்கூலில், அவரும் அவருடைய மாணவர்களும் மதிய உணவு வேளைகளில் பிள்ளைகளோடு மேசையில் அமர்ந்து சாப்பிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டு, பின்னர் அவர்கள் இசைவோடு பதிவுசெய்து, நெடுநாள் ஆய்ந்தனர். உணவுக்கூடத்தைத் தேர்ந்தது தற்செயலன்று. வகுப்பறையில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை ஆசிரியர் சொல்லிவிடுவார். உணவுக்கூடத்திலோ தட்டைக் கையில் ஏந்தி நிற்கும் பிள்ளை தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். எந்த மேசையில் இடம் காலியாக இருக்கிறது என்பதும், அந்தக் காலியிடம் தனக்கானதா என்பதும் இரண்டு வெவ்வேறு கேள்விகள் என்பது பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கூடத்தின் ஒரு பாதி பாப்புலரானவர்களின் பக்கம் என்றும் மறு பாதி மற்றவர்களுடையது என்றும் எவரும் அறிவிக்காமலே பிரிந்திருந்தது.

ஈடர் கண்டவற்றில் முதன்மையானது, இந்தப் பிரிவினை ஆறாம் வகுப்பில் அழுத்தமாக இல்லை என்பது. அவ்வகுப்பில் சிறுசிறு தோழியர் குழுக்கள் இருந்தன. அவற்றுக்கு இடையே மேல், கீழ் இருக்கவில்லை. ஏழாம் வகுப்பில்தான் படிநிலை முளைத்தது. காரணம், அந்த வகுப்பிலிருந்துதான் சியர்லீடர் தேர்வு தொடங்கியது. சியர்லீடர் என்போர், பையன்களின் கூடைப்பந்து, கால்பந்து ஆட்டங்களின்போது களத்தின் ஓரத்தில் சீருடையில் நின்று, முழக்கமும் ஆட்டமுமாகக் கூட்டத்தை உற்சாகப்படுத்தும் பெண்கள். பையன்களுக்கு ஊர்க்கூட்டத்தின் முன்னால் நிற்க விளையாட்டுகள் இருந்தன. பெண்களின் ஆட்டங்களைப் பார்க்க அத்தகைய கூட்டம் வருவதில்லை. ஆகவே பள்ளி முழுவதும் தன் முகத்தை அறியும்படி ஒரு பெண் நிற்கக்கூடிய வாசல் ஏறத்தாழ இந்த ஒன்றாகவே இருந்தது. வாசல் ஒன்று, அதில் நுழைபவர் ஒருசிலர், வெளியே நிற்பவர் நூறு பேர் என்ற நிலையில், உள்ளே நுழைந்தவளோடு ஒட்டிக்கொள்வதே மற்றவர்களுக்கு எஞ்சிய வழியாயிற்று. பெண்களின் மதிப்பு தாங்கள் செய்வதைவிட யாரோடு இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்ததாக மாறிய இடம் இதுதான்.

இதன் பின்விளைவை ஈடர் 1985இல் 'செல்வாக்கின் சுழற்சி' என்று பெயரிட்டு விளக்கினார். சியர்லீடராகத் தேர்வான பெண்ணை எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. எல்லோரும் அவளோடு நட்புக் கொள்ள விரும்புகின்றனர். அவளைக் கண்டால் புன்னகைக்கின்றனர், மேசையில் இடம் பிடித்து வைக்கின்றனர். ஆனால் ஒரு மனுஷியால் பேணக்கூடிய நட்புக்கு ஓர் எல்லை உண்டு. நூறு பேருக்குத் திரும்பிப் புன்னகைக்க அவளுக்கு நேரமில்லை. கீழ்நிலையில் இருப்பவளோடு பழகினால் தன் நிலை இறங்கிவிடுமோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. நடைவழியில் ஒரு நாள் கவனிக்காமல் கடந்துபோகிறாள். பெண்களிடையே நட்போடு நடந்துகொள்வதே பெரிய பண்பாக மதிக்கப்படுவதால், அந்தக் கவனக்குறைவு பெரிய குற்றமாகிறது. அவளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்ற பேச்சு பரவுகிறது, விரும்பப்பட்டவள் வெறுக்கப்படுகிறாள். பாப்புலராகவும் அதே வேளையில் பெரும்பாலோருக்குப் பிடிக்காதவளாகவும் ஒரே பெண் எப்படி இருக்கிறாள் என்ற புதிருக்கு விடை இங்கே இருக்கிறது. அவள் தீயவளாக மாறியிருக்க வேண்டிய தேவையே இல்லை. கணக்கு அவளுக்கு எதிராக இருக்கிறது, அவ்வளவே.

டான் மெர்ட்டன் என்ற மானுடவியலாளர் இதன் அடுத்த படியைக் கண்டார். வசதியான புறநகர்ப் பகுதியின் ஜூனியர் ஹைஸ்கூல் ஒன்றில், மிகப் பாப்புலரான பெண்களின் கூட்டமே கொடுமைக்கும் பேர் பெற்றிருந்தது. இவர்கள் ஏன் இப்படி நடக்கின்றனர் என்ற கேள்விக்கு 1997இல் அவர் தந்த விடை சிந்திக்கத்தக்கது. அப்பெண்களின் உலகில் இரண்டு விதிகள் ஒருங்கே நடைமுறையில் இருந்தன. மேலே ஏற வேண்டும் என்பது ஒன்று. தான் மேலே இருப்பதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, எல்லோரும் சமம் என்பது போல நடக்க வேண்டும் என்பது மற்றொன்று. மேலே இருக்கும் பெண் தன் உயரத்தை அனுபவித்தால் தலைக்கனம் என்பர். எல்லோரிடமும் இனிமையாக நடந்தால் அவளுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு இல்லாமல் போய் அந்த உயரமே கரைந்துவிடும். இந்த இடுக்கில், கடுமையாக நடந்துகொள்வது ஒரு மூன்றாம் வழியாகிறது. கடுமையானவளைப் பிறர் விரும்பமாட்டார்கள். ஆனால் அஞ்சுவார்கள், அஞ்சுவதால் அவளைக் கீழே தள்ள முயலமாட்டார்கள். பிரபலம் என்பது கைநழுவிப் போகும் பொருள். அதை அதிகாரமாக மாற்றிக்கொண்டால் கொஞ்ச காலம் நிற்கும். அந்தக் கூட்டத்தின் கொடுமையில் பெரும்பங்கு வெளியாருக்கு எதிரானதன்று, கூட்டத்துக்குள்ளேயே நெருங்கிய தோழிகளுக்கு எதிரானது என்பதற்கும் காரணம் இதுவே: போட்டியாளர் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறாள்.

இவ்வகைக் கொடுமைக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் உறவுசார் வன்முறை. அடியோ உதையோ இல்லாமல், உறவையே கருவியாகக் கொண்டு ஒருவரைக் காயப்படுத்துவது அது: புறங்கூறுவது, வதந்தி கிளப்புவது, கூட்டத்திலிருந்து விலக்கிவைப்பது, சொன்னபடி செய்யாவிட்டால் நட்பை முறிப்பேன் என்று மிரட்டுவது. புறங்கூறாமைக்குத் தனி அதிகாரமே வகுத்த குறள் மரபில் வந்தவர்களுக்கு இதை வன்முறையின் வரிசையில் வைப்பது வியப்பளிக்காது. 1988இல் ஃபின்லாந்தில் கிர்ஸ்டி லாகர்ஸ்பெட்ஸும் காய் பியர்க்விஸ்டும் 11, 12 வயதுப் பிள்ளைகளிடம் மறைமுகமான இந்த வகையைத் தனியே அளந்தனர். 1995இல் அமெரிக்காவில் நிக்கி கிரிக்கும் ஜெனிஃபர் குரோட்பீட்டரும் உறவுசார் வன்முறை என்ற பெயரை நிலைநிறுத்தினர். தமிழ்ப் பிள்ளைகளின் 'காய் விடுதல்' இதன் குழந்தை வடிவம் என்று தோன்றலாம். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. காய் என்பது வெளிப்படையான அறிவிப்பு. விரலைக் காட்டிச் சொல்லப்படுவது. அதற்கு ஈடாகப் 'பழம்' என்ற திரும்பும் வழியும் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. மிடில் ஸ்கூல் வயதில் விலக்கிவைப்பது அறிவிக்கப்படுவதில்லை. நேற்றுவரை தன்னோடு உட்கார்ந்தவர்கள் இன்று ஏன் நகர்ந்து உட்காருகிறார்கள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. கேட்டால் "ஒன்றுமில்லையே" என்ற பதில் வரும். பழம் விடுவதற்கு அங்கே காயே இல்லை.

பெண்களுக்கே உரிய குணம் இது என்ற எண்ணம் 2002இல் அமெரிக்காவில் வெளிவந்த இரண்டு புகழ்பெற்ற நூல்களாலும், அவற்றுள் ஒன்றான ரோசலிண்ட் வைஸ்மனின் நூலைத் தழுவி 2004இல் வந்த 'மீன் கேர்ள்ஸ்' திரைப்படத்தாலும் ஊரெங்கும் பரவியது. பெண் பிள்ளைகளின் வேதனையைப் பெரியவர்கள் பொருட்படுத்தும்படி செய்தது அவற்றின் நன்மை. ஆனால் பெண் பிள்ளை என்றாலே வஞ்சகம் என்ற முத்திரையும் கூடவே ஒட்டிக்கொண்டது. நோயல் கார்டும் உடன் ஆய்ந்தவர்களும் 148 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியிட்ட முடிவு அந்த முத்திரையைப் பெரிதும் தளர்த்துகிறது: அடிதடியில் பையன்கள் தெளிவாக மிகுந்திருக்க, மறைமுக வன்முறையில் ஆண்–பெண் வேறுபாடு பொருட்படுத்தத்தக்க அளவுக்கு இல்லை. வேறுபடுவது அதற்குக் கிடைக்கும் பலன். ஆன்டோனியஸ் சில்லஸனும் லாரா மேயோவும் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2004இல் எழுதியபடி, வயது ஏற ஏற, உறவுசார் வன்முறைக்கும் பாப்புலர் என்ற பெயருக்கும் இடையிலான பிணைப்பு இறுகிக்கொண்டே போகிறது, அதே வேளையில் பிறருக்குப் பிடித்தவர் என்ற நிலை தேய்ந்துகொண்டே போகிறது. இந்தப் போக்கு பெண்களிடம் கூடுதலாகத் தெரிகிறது. பத்து வயதில் தண்டிக்கப்பட்ட நடத்தைக்குப் பதினான்கு வயதில் பரிசு கிடைக்கிறது என்றால், பரிசு தருபவர்களையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும்.

உடையும் தோற்றமும் பணமும் இந்தப் படிநிலையில் வகிக்கும் பங்கைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. ஈடர் ஆராய்ந்த பள்ளியிலும், அடித்தட்டில் வைக்கப்பட்ட பிள்ளைகளைக் குறிக்க உழைக்கும் வர்க்கத்தையும் நாட்டுப்புறத்தையும் இழிவுபடுத்தும் ஒரு பட்டப்பெயர் வழங்கியது என்பது ஒன்றே போதும். கைப்பேசி வந்தபின் நேர்ந்தது புதியதொரு படிநிலையன்று. உணவுக்கூடத்தின் மேசைகள் வீட்டுப் படுக்கையறைவரை நீண்டுவிட்டன, யார் யாரோடு இருந்தார்கள் என்பது படமாகவும் எண்ணாகவும் கண்முன் நிற்கிறது.

இத்தனைக்கும் நடுவில் நட்பு உயிரோடுதான் இருக்கிறது. பதின்பருவத்துக்குச் சற்று முன்னால் முளைக்கும் ஒற்றை உயிர்த்தோழமையில்தான், இன்னொருவரின் நலம் தன் நலத்துக்கு ஈடாகத் தோன்றும் அனுபவத்தை மனிதன் முதன்முதலில் பெறுகிறான் என்று ஹாரி ஸ்டாக் சல்லிவன் என்ற மனநல மருத்துவர், அவர் மறைந்தபின் 1953இல் வெளியான நூலில் எழுதினார். பெண்களிடம் இந்தத் தோழமை பெரும்பாலும் பேச்சால் கட்டப்படுவது. அதன் இனிமையோடு ஓர் ஆபத்தும் பின்னியிருப்பதை அமாண்டா ரோஸ் 2002இல் காட்டினார்: இரண்டு தோழியர் ஒரே கவலையைத் திரும்பத் திரும்பப் பேசிக் குமைவது அவர்களை நெருக்கமாக்குகிறது, அதுவே மனச்சோர்வையும் பதற்றத்தையும் கூட்டுகிறது. ரகசியங்களால் கட்டிய நட்பு முறிந்தால், அந்த ரகசியங்களெல்லாம் ஆயுதங்களாகிவிடும் என்பதும் இதோடு சேர்த்து எண்ண வேண்டியது. முறிவதோ மிக இயல்பானது. ஏழாம் வகுப்பில் தொடங்கிய 573 நட்புகளை ஏமி ஹார்ட்ல், பிரெட் லார்சன், சில்லஸன் ஆகியோர் பின்தொடர்ந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு வரை நிலைத்தவை நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தன. இருவரும் பிறரிடையே பெற்றிருந்த வரவேற்பில் ஏற்றத்தாழ்வு இருந்ததும் அவற்றை முறித்த காரணங்களுள் ஒன்று. தோழியை இழந்து வீட்டில் தேம்பும் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இந்த எண் ஆறுதலாகாது. ஆனால் குறை தன்னிடம் மட்டுமே என்று அவள் நம்பிவிடாமல் காக்க, அருகில் இருக்கும் பெரியவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

உச்சியில் இல்லாத பிள்ளைகளின் நிலை அவ்வளவு பரிதாபமானது என்றும் கருதிவிடக் கூடாது. பட்ரீஷியா ஆட்லர், பீட்டர் ஆட்லர் என்ற சமூகவியலாளர் தம்பதியர் கொலராடோவில் எட்டாண்டுகள் சற்று இளைய பிள்ளைகளிடையே ஆய்ந்து 1998இல் எழுதியபடி, உச்சிக் கூட்டத்தில் இருப்பவர்கள் தலைவியின் தயவு இன்று இருக்கிறதா, நாளை இருக்குமா என்ற கவலையிலேயே இருந்தனர். அதில் நுழையத் துடித்து விளிம்பில் நின்றவர்கள் எல்லோரினும் அதிகமாக அவமானப்பட்டனர். வகுப்பில் ஏறத்தாழ பாதியாக இருந்த நடுத்தரப் பிள்ளைகளே, இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு வட்டங்களில், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நிம்மதியாக இருந்தனர். உண்மையான துயரம் எந்த வட்டமும் இல்லாதவர்களுடையது. ஈடரின் பள்ளியிலேயே கேத்தி எவன்ஸ் தனித்து விடப்பட்ட பிள்ளைகளைக் கவனித்தபோது, அவர்கள் அருகில் உட்கார்ந்தாலே தனக்கும் அந்தக் கறை ஒட்டிக்கொள்ளும் என்று மற்றவர்கள் அஞ்சுவதையும், அந்த அச்சத்தால் தனியர்கள் தங்களுக்குள்கூட ஒன்றுசேராமல் போவதையும் கண்டார். ஐந்தாம் வகுப்பில் ஓர் உற்ற நட்பு இருந்த பிள்ளைகளையும் இல்லாத பிள்ளைகளையும் 12 ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்த கேத்தரின் பாக்வெல் குழுவினர், நட்பு வாய்த்திருந்தவர்களிடம் தன்மதிப்பு கூடுதலாக இருந்ததை 1998இல் பதிவுசெய்தனர். பதின்மூன்று வயதில் பெரியவர்களைப் போல நடந்து பாப்புலரானவர்களை 23 வயதுவரை தொடர்ந்த ஜோசஃப் ஆலனின் 2014ஆம் ஆண்டு ஆய்விலோ, அந்தச் செல்வாக்கு சில ஆண்டுகளிலேயே வடிந்துபோய், குடி, போதைப்பொருள் சிக்கல்கள் பின்தொடர்ந்தது தெரியவந்தது.

ஈடரும் ஜேனட் என்கேயும் பிள்ளைகளின் புறம்பேச்சுகளைப் பதிவிலிருந்து வரிவரியாக ஆராய்ந்து 1991இல் வெளியிட்ட கட்டுரையில், பள்ளிகள் இன்னும் போதிய அளவு கவனிக்காத ஒன்று இருக்கிறது. மேசையில் ஒருத்தி இல்லாத இன்னொருத்தியைப் பற்றிக் குறையாக ஏதோ சொல்கிறாள். அந்த முதல் சொல் பேச்சின் போக்கை முடிவு செய்வதில்லை. அடுத்துப் பேசுபவள் "ஆமாம், அவள் அப்படித்தான்" என்று ஆமோதித்துவிட்டால், அதன்பின் மேசையில் எவராலும் அதை மறுக்க முடிவதில்லை. மறுக்க நினைப்பவர்கள்கூடத் தாமும் ஒரு குறையைச் சேர்த்துவிட்டு அடங்குகின்றனர். ஆனால் அந்த இரண்டாவது வாயிலிருந்து "எனக்கு அப்படித் தோன்றவில்லை" என்று வந்துவிட்டால், முதலில் சொன்னவளே பல நேரங்களில் தன் பேச்சைத் தணித்துக்கொள்கிறாள். ஒரு பெண்ணின் பெயர் கெடுவதும் காக்கப்படுவதும், முதல் சொல்லுக்கும் மூன்றாம் சொல்லுக்கும் இடைப்பட்ட ஓரிரு நொடிகளில் நடந்து முடிகிறது.

அந்த இரண்டாவது குரலை ஒரு பள்ளி திட்டமிட்டு உண்டாக்க முடியுமா என்பதை எலிசபெத் லெவி பலக்கும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 2012–13 கல்வியாண்டில் நியூஜெர்சி மாநிலத்தின் 56 மிடில் ஸ்கூல்களில் 24,191 பிள்ளைகளிடையே சோதித்தனர். மொரேனோவின் வழித்தோன்றலான கேள்வி ஒன்றையே அவர்களும் கேட்டனர்: அண்மையில் நீங்கள் யார் யாரோடு நேரம் செலவிட்டீர்கள்? அந்த விடைகளிலிருந்து ஒவ்வொரு பள்ளியிலும் யாரை எல்லோரும் கவனிக்கின்றனர் என்பதை அறிந்துகொண்டு, பாதிப் பள்ளிகளில் ஒரு சிறு குழுவைச் சீட்டுக் குலுக்குவது போலத் தேர்ந்தெடுத்தனர். அறிவுரைப் பாடம் எதுவும் புகட்டப்படவில்லை. தங்கள் பள்ளியில் எந்தச் சண்டை அடிக்கடி வருகிறது என்பதை அந்தப் பிள்ளைகளே சொல்லி, அதற்கு எதிராகத் தங்கள் பெயரையும் முகத்தையும் வெளிப்படையாகக் காட்டும் சுவரொட்டிகளைத் தாங்களே வடிவமைத்தனர். யாராவது ஒருவர் சண்டையைத் தணித்ததையோ தனித்திருந்தவரிடம் பேசியதையோ கண்டால், அவருக்கு ஓர் ஆரஞ்சு நிறக் கைப்பட்டையைக் கொடுத்தனர். ஆண்டு முடிவில், அந்தப் பள்ளிகளில் பிள்ளைகளிடையே மூண்ட சச்சரவுகளுக்காகப் பதிவான ஒழுங்கு நடவடிக்கைகள் மற்றப் பள்ளிகளைவிட 30 விழுக்காடு குறைந்திருந்தன. குலுக்கலில் வந்தவர்களுள் எல்லோர் கண்ணும் படும் பிள்ளைகள் எந்தப் பள்ளிகளில் கூடுதலாக இருந்தார்களோ, அந்தப் பள்ளிகளில் குறைவு இன்னும் அதிகமாக இருந்தது.